பன்னிரண்டால் பெருக்க வேண்டியது எதை?

மறைமலை நகரிலும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையை ஒட்டியும், வாகன ஆலைகளுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறைகளில் எழும் ஒரு கேள்வி, இரு பக்கமும் மாறியும் பின்னமும் வரும் சமன்பாடாகவே அமைகிறது. மதிப்பு இன்னும் தெரியாத அளவைக் குறிக்கும் எழுத்தே மாறி எனப்படும்.

சாதாரண லேத்தில் ஒரு பீஸ் கடைய முக்கால் நிமிடமும், வேலை தொடங்கும் முன் செட்டிங்குக்கு 20 நிமிடமும் ஆகின்றன என்றும், சி.என்.சி. இயந்திரத்தில் ஒரு பீஸுக்கு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கே ஆனாலும் செட்டிங்குக்கு 70 நிமிடம் போகிறது என்றும் கொண்டால், எத்தனை பீஸுக்கு இரண்டும் ஒரே நேரத்தை எடுக்கும்? பீஸ் எண்ணிக்கையை 'ப' என வைத்தால், 3ப/4 + 20 = ப/3 + 70 என்பது சமன்பாடு. பின்னக் கோட்டின் கீழ் நிற்கும் எண்களான பகுதிகள் 4, 3. அவ்விரண்டாலும் மீதமின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணாகிய மீச்சிறு பொது மடங்கு 12. இரு பக்கத்தையும் முழுமையாக 12ஆல் பெருக்கினால் 9ப + 240 = 4ப + 840 ஆகும்; இரு பக்கத்திலிருந்தும் 4ப, 240 ஆகியவற்றைக் கழித்தால் 5ப = 600, அதாவது ப = 120.

இந்த வழியில் மாணவர் பெரும்பாலும் இடறும் இடம் ஒன்று உண்டு. பின்னம் உள்ள உறுப்புகளை மட்டும் 12ஆல் பெருக்கிவிட்டு, 20ஐயும் 70ஐயும் அப்படியே விட்டுவிட்டால், 9ப + 20 = 4ப + 70 என்று மாறி, விடை 10 ஆகிவிடுகிறது. இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவது சரியன்று. 12ஆல் பெருக்குவது பின்னத்தை ஒழிக்கும் தந்திரமாகவே சொல்லித் தரப்படும்போது, பின்னமே இல்லாத 20ஐ ஏன் பெருக்க வேண்டும் என்று அந்த மாணவர் எண்ணுவதில் ஒரு நியாயம் இருக்கவே செய்கிறது.

உண்மையில் அங்கே நிகழ்வது அலகு மாற்றம். நிமிடத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது 5 வினாடி. 12ஆல் பெருக்குவது எல்லா நேரத்தையும் 5 வினாடித் துண்டுகளாக எண்ணுவதே ஆகும். லேத்தில் ஒரு பீஸுக்கு 9 துண்டு, சி.என்.சி.யில் 4 துண்டு என்று எண்ணிய பிறகு, செட்டிங்கை மட்டும் நிமிடத்திலேயே விட்டுவைப்பது நூலையும் அங்குலத்தையும் கலந்து கூட்டுவதற்கு ஒப்பாகும். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை 'நூல்' என்றும், எட்டில் மூன்று பங்கை 'மூன்று நூல்' என்றும் சொல்லும் தச்சரும் கம்பி கட்டுபவரும் பகுதியை நீக்கும் இந்த வேலையைப் பேச்சிலேயே முடித்துவிடுகின்றனர்.

தமிழ்க் கணக்கு மரபு இதை மேலும் விரிவாகச் செய்திருந்தது. 320இல் ஒரு பங்கான முந்திரியை அடியலகாகக் கொண்டால், காணி 4 முந்திரி, மா 16, மாகாணி 20, அரைக்கால் 40, முக்கால் 240 என்று அத்தனை பின்னங்களும் முழு எண்களாகின்றன. மூன்றில் ஒரு பங்கு மட்டும் அந்த அடைவுக்குள் அடங்காது, ஏனெனில் 320 மூன்றால் வகுபடாது. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் அதற்குப் பொருந்தும் பொது மடங்கைத் தேட வேண்டியிருப்பதற்குக் காரணமும் இதுவே.

கி.பி. 628இல் பிரம்மகுப்தர் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தம் இத்தகைய சமன்பாட்டுக்கு நேரடி விதி ஒன்றைத் தருகிறது: தெரிந்த எண்களின் வேறுபாட்டை, கெழுக்களின், அதாவது மாறியைப் பெருக்கி நிற்கும் எண்களின், வேறுபாட்டால் வகுக்க வேண்டும். இங்கு 50ஐ 5/12ஆல் வகுத்தால் 120. பட்டறை மொழியில் சொன்னால், சி.என்.சி. செட்டிங்குக்குக் கூடுதலாகப் போகும் 50 நிமிடம் ஒரு கடன். ஒவ்வொரு பீஸிலும் மிச்சமாகும் 25 வினாடி அந்தக் கடனுக்குக் கட்டும் தவணை. 120ஆவது பீஸில் கடன் தீர்கிறது. 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற வாய்பாட்டை மட்டும் கற்றவருக்கு இந்தப் பொருள் கிட்டாமலே போகிறது என்பதே வருந்தத்தக்கது.

எட்டாம் வகுப்பிலும் ஐ.டி.ஐ.யின் ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் பாடத்திலும் விதிக்கு முன்பே அலகு பேசப்பட வேண்டும். கிடைத்த விடையைச் சமன்பாட்டில் வைத்துப் பார்ப்பதும் கட்டாயமாக வேண்டும். 120ஐ வைத்தால் இரு பக்கமும் 110 நிமிடம் வருகிறது. 10ஐ வைத்தாலோ ஒரு பக்கம் இருபத்தேழரை நிமிடமும் மறுபக்கம் 73 நிமிடத்துக்கு மேலும் வந்து, பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது. அப்படிப் பார்க்காமல் 10 என்ற விடையை நம்பி 60 பீஸ் ஆர்டரைச் சி.என்.சி.யில் ஏற்றும் பட்டறையில், லேத்தில் 65 நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை 90 நிமிடம் ஓடும்.