தறையாணியை எண்ணுகிறவர்களே, மிச்சத்தையும் எண்ணுங்கள்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மன் இராணுவம் பாவித்த மிதவைப் பாலங்களை 1:35 அளவில் மாதிரியாகச் செய்வதுதான் என் பொழுதுபோக்கு. கடையில் பெட்டி வாங்கி ஒட்டுவதல்ல. வெறும் பிளாஸ்ரிக் தகட்டை அளந்து, வெட்டி, ஒவ்வொரு துண்டாகச் செய்வது. இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். ஜேர்மன் நண்பர்கள், "உனக்கேன் வேர்மாக்ட் சாமானில இவ்வளவு ஆசை?" என்று ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அம்மா, "சண்டை வேண்டாமெண்டுதானே ஊரை விட்டு வந்தனாங்கள். நீ அதையே மேசையில செய்து வைக்கிறியே?" என்பார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனாலும் இந்த வேலையைத் தாராளமாகச் செய்யலாம் என்பதுதான் என் கருத்து. ஒரே ஒரு நிபந்தனை: சரியாகச் செய்வதென்றால் முழுவதையும் சரியாகச் செய்ய வேண்டும். அதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், ஏன் பாலம்? மாதிரிப் பொருள்கள் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் டைகர் டாங்கி இருக்கும். பாந்தர் இருக்கும். அவற்றை ஆற்றுக்கு அக்கரை கொண்டுபோன சாமான்கள் மட்டும் பெட்டியில் கிடைப்பது அருமை. ஆனால் ஐரோப்பாவில் எந்தத் திசையில் போனாலும் ஆறுதான் குறுக்கே நிற்கும். பின்வாங்கும் படை பாலங்களை உடைத்துவிட்டுத்தான் போகும். ஆகவே ஒரு படை எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை, பியோனியர் என்று சொல்லப்படும் அதன் பொறியியல் படைப்பிரிவுதான் தீர்மானித்தது.

அவர்களுடைய வழமையான சாதனத்தின் பெயர் புறூக்கன்கெரேற் பி. இரும்பாலான அரை மிதவைகள், பார்ப்பதற்குப் படகைப் பாதியாக வெட்டியதுபோல இருக்கும். இரண்டைப் பின்பக்கமாகப் பொருத்தினால் ஒரு முழு மிதவை. மிதவைகளுக்கு மேலே இரும்பு உத்திரங்கள், உத்திரங்களுக்கு மேலே மரப்பலகைத் தளம். கரையோரத்தில், தண்ணீர் ஆழம் குறைந்த இடத்தில், தாங்குகால்கள்.

இதில் எனக்குப் பிடித்த விசயம் கணக்கு. மிதக்கும் எதுவும் தன் எடையளவு தண்ணீரை விலக்க வேண்டும். ஒரு கன மீற்றர் தண்ணீர் ஒரு தொன். 25 தொன் டாங்கி ஒன்று பாலத்தில் ஏறினால், கீழே இருக்கும் மிதவைகள் எல்லாம் சேர்ந்து மேலும் 25 கன மீற்றர் தண்ணீரை விலக்கியாக வேண்டும். பாரம் கூடினால் மிதவைகளை நெருக்கி வைக்க வேண்டும். நெருக்கி வைத்தால், கையிலுள்ள அதே சாமானில் போடக்கூடிய பாலத்தின் நீளம் குறையும். பான்சர் 4 வகையின் பிந்திய டாங்கிகள் 25 தொன். பாந்தர் ஏறத்தாழ 45 தொன். டைகர் 57 தொன். டாங்கி பெருக்கப் பெருக்கப் பாலம் பின்தங்கியது. பிறகு கனமான டாங்கிகளுக்காக ஜே என்ற புதிய பாலச் சாதனத்தையே கொண்டுவர வேண்டியிருந்தது. கடைசியில் 188 தொன் எடையில் மவுஸ் என்ற டாங்கியைச் செய்தபோது, அதைத் தாங்கப் பாலமே இல்லையென்று ஆற்றின் அடியால் ஓட்டிப் போகத் திட்டம் போட்டார்கள். 'பெரிதாக இருந்தால் வெல்லலாம்' என்ற நினைப்பு எங்கே போய் முடியும் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது டாங்கியல்ல, பாலம்தான்.

இனி வேலைக்கு வருவோம். பெட்டி இல்லையென்றால் வரைபடமும் இல்லை. நீங்களே தேட வேண்டும். ஜேர்மன் படைகளைப் பற்றி அமெரிக்க இராணுவம் 1945 மார்ச்சில் அச்சிட்ட கைநூலில் பாலச் சாதனங்களுக்கும் இடம் உண்டு. ஜேர்மன் தேசிய ஆவணக் காப்பகம் 2008இல் ஏறத்தாழ 80,000 படங்களை விக்கிமீடியாவில் பொதுவில் போட்டது. அவற்றில் மிதவைப் பாலங்களும் இருக்கின்றன.

படத்திலிருந்து அளவு எடுக்க ஒரு தந்திரம் உண்டு. அளவு தெரிந்த ஒரு பொருளைப் படத்தில் தேடுங்கள். ஜேர்மன் இராணுவத்தின் 20 லீற்றர் எரிபொருள் கான் ஏறத்தாழ 47 சென்ரிமீற்றர் உயரம். அது மிதவையின் பக்கத்தில், கமராவிலிருந்து அதே தூரத்தில் நின்றால், அதுவே உங்கள் அடிமட்டம். முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி நின்றால் கணக்குப் பிழைக்கும். ஒரே படத்தை நம்பாமல் மூன்று நான்கு படங்களில் அளந்து ஒப்பிட வேண்டும்.

பிறகு 35ஆல் பிரிக்க வேண்டும். 4 சென்ரிமீற்றர் தடிப்புள்ள பலகை 1.1 மில்லிமீற்றர் ஆகும். 2 மில்லிமீற்றர் இரும்புத் தகடு 0.06 மில்லிமீற்றர் ஆகும். அது கடதாசியிலும் மெல்லிசு. அதனால் தகட்டின் ஓரத்தை மட்டும் சீவி மெல்லிசாகக் காட்டுவோம். ஒரே மிதவை பத்துப் பதினைந்து தேவைப்படும்போது, ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்து, அதிலிருந்து சிலிக்கன் அச்சு எடுத்து, மற்றவற்றை றெசினில் வார்ப்போம். 100 மீற்றர் பாலம் இந்த அளவில் 2.86 மீற்றர் வரும். அதற்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தறையாணிகளின் எண்ணிக்கை வரை ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு ஜேர்மன் மொழியில் நீற்றன்ஸேலர் என்று பட்டம், அதாவது தறையாணி எண்ணுகிறவர். கிண்டல்தான். எனக்கு அது பாராட்டு.

ஏனென்றால் இந்த வேலை ஒரு பழக்கத்தைத் தருகிறது. 'எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்' என்பது ஆதாரமாகாது. ஆதாரம் எங்கே, படம் எங்கே எடுத்தது, எந்த ஆண்டு, எந்த வகைச் சாதனம் என்று கேட்கத் தொடங்குகிறோம்.

ஆனால் பெரும்பாலானோர் அந்தக் கேள்வியைத் தறையாணியோடு நிறுத்திவிடுகிறார்கள். என் சண்டை அங்கேதான்.

நாங்கள் அளவெடுக்கும் படங்களை எடுத்தவர்கள் யார்? பெரும்பகுதி, இராணுவத்தின் பிரச்சாரப் பிரிவைச் சேர்ந்த படப்பிடிப்பாளர்கள். நல்ல வெயில், ஒழுங்கான வரிசை, சிரிக்கும் சிப்பாய்கள் எல்லாம் அவர்கள் தெரிந்தெடுத்தவை. 1941 செப்ரெம்பரில் உக்ரைனின் கிரெமென்சுக் அருகே, நீப்பர் ஆற்றை ஜேர்மன் டாங்கிகள் மிதவைப் பாலத்தால் கடந்தன. பொறியியலாக மட்டும் பார்த்தால் பெரிய சாதனை. அந்தக் கடப்புத்தான் கீவ் நகரைச் சுற்றிவளைக்க வழி திறந்தது. 19ஆம் திகதி கீவ் விழுந்தது. ஜேர்மன் கணக்கின்படி 6 இலட்சத்துக்கும் அதிகமான சோவியத் வீரர்கள் பிடிபட்டார்கள். அந்தப் போர் முழுவதிலும் ஜேர்மனியிடம் பிடிபட்ட ஏறத்தாழ 57 இலட்சம் சோவியத் கைதிகளில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரோடு திரும்பவில்லை. கீவ் விழுந்து பத்தே நாளில், செப்ரெம்பர் 29, 30ஆம் திகதிகளில், பாபின் யார் பள்ளத்தாக்கில் 33,771 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த எண் கொன்றவர்களே எழுதிவைத்த எண். பிறகு பள்ளத்தாக்கின் ஓரங்களை வெடிவைத்துச் சரித்து உடல்களை மூடியவர்கள் யார் தெரியுமா? இராணுவத்தின் பியோனியர்கள்.

அதே நாள்களில் யொஹானெஸ் ஹேலே என்ற பிரச்சாரப் படப்பிடிப்பாளர் அந்தப் பள்ளத்தாக்கில் நிறப்படங்கள் எடுத்தார். அவற்றை அவர் மேலிடத்தில் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். பாலத்தின் படம் அலுவலகத்துக்குப் போனது. பள்ளத்தாக்கின் படம் போகவில்லை.

"பாலம் வெறும் பாலம்தானே" என்று மாதிரி செய்பவர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. பிரித்தானியர் அதே போருக்காக உருவாக்கிய பெய்லி பாலம், 2024இல் வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோது மீட்புக்கு உதவியது. இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் பொறியியல் பிரிவு 190 அடி நீளத்தில் அதைப் போட்டது. இரும்புக்குக் கட்சி கிடையாது. ஆனால் நான் செய்வது ஏதோ ஒரு பாலத்தை அல்ல. இந்த ஆண்டில், இந்த ஆற்றில், இந்தப் படை போட்ட பாலத்தை. வர்ணத்தின் சாயல் வரை 1941 என்று அடம்பிடிக்கிறவருக்கு, கதை வரும்போது மட்டும் 'வெறும் பாலம்' என்று ஒதுங்க உரிமை இல்லை.

இங்கே ஜேர்மனியில் சுவஸ்திகாவைப் பொதுவில் காட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. அதனால் மாதிரிப் பெட்டிகளில் அந்தச் சின்னம் இல்லாமலோ துண்டு துண்டாகவோதான் வரும். நல்லது. ஆனால் மிதவையில் மறைப்பதற்குச் சின்னமே இல்லை. அது அப்பாவியாகத்தான் தெரியும். அதனாலேயே அதற்குப் பக்கத்தில் சொல்ல வேண்டியது அதிகம்.

ஒரு உதாரணம். 1995இல் ஹம்பேர்க் சமூக ஆய்வு நிறுவனம், வேர்மாக்ட்டின் குற்றங்கள் பற்றி ஒரு கண்காட்சியைத் தொடங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனது. 'இராணுவம் சுத்தம், குற்றம் எல்லாம் எஸ்எஸ் செய்தது' என்ற கதையை அது உடைத்தது. 1999இல், சில படங்களின் கீழ் எழுதியிருந்த விளக்கம் பிழையென்று வரலாற்றாசிரியர்கள் காட்டினார்கள். கண்காட்சி நிறுத்தப்பட்டது. ஆராய்ந்த குழு, பிழைகள் உண்மை, ஆனால் அடிப்படை வாதம் சரி என்றது. 2001இல் திருத்திய கண்காட்சி வந்தது. சில படக்குறிப்புகளின் பிழையை வைத்து முழு உண்மையையும் தள்ளிவிடப் பலர் காத்திருந்தார்கள். துல்லியம் அங்கே அழகுக்காக அல்ல. இறந்தவர்களுக்குச் செய்யும் கடமை.

இது எங்களுக்கும் பொருந்தும். போர் முடிந்த பின்னரோ, தூரத்திலோ பிறந்த நாங்கள் ஊர்ச் சண்டையைப் பெரும்பாலும் கைபேசியில் வரும் படங்களால்தான் அறிகிறோம். எடுத்தவர் யார், எந்த நாள், சட்டகத்துக்கு வெளியே என்ன என்று கேட்காமலே பகிர்ந்துவிடுகிறோம். இன்னொருவருடைய போரில் ஒரு எரிபொருள் கானை வைத்து அளவெடுக்கப் பழகியவர், தன்னுடைய போரின் படத்தையும் அதே கவனத்தோடு பார்ப்பார்.

அதனால் நான் கேட்பது சின்ன விசயம். ஆசை இருந்தால் ஒரு அரை மிதவையோடு தொடங்குங்கள். ஒரு மாத வேலை, செலவும் பெரிதல்ல. முடித்ததும் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வையுங்கள். எந்த ஆறு, எந்த நாள், கடந்தது யார், கடந்த பிறகு அக்கரையில் என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதுங்கள். அந்த நான்கு வரிக்கும் தறையாணிக்குத் தேடிய அளவு ஆதாரம் தேடுங்கள்.

என்னுடைய அட்டையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப சரி, மேசையைத் துடைச்சு வை" என்றார்.