எதுக்காவது ஒதவும்!

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிய வீடுகளை ஒட்டி நீளமாக ஒரு கொட்டகை இருக்கும். உள்ளே தறி ஓடுகிறவரைக்கும் அதற்குத் 'தறி செட்' என்று பெயர். தறியை விற்ற பிறகும் அதே பெயர்தான். ஆனால் உள்ளே தறியைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும்!

எங்கள் வீட்டுச் செட் 24 அடிக்கு 14. நாலு தறி ஓடின இடம். கடைசி ஜோடியை 2013ல் விற்றோம். வெற்றிடம் இயற்கைக்குப் பிடிக்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எங்கள் ஊரில் வெற்றிடத்தை நிரப்புவது காற்று இல்லை சார், பழைய இரும்பு.

அப்பா தறி ஃபிட்டர். நாற்பது வருஷம் ஊரார் தறிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். ஒரு தறியில் கழற்றிய பாகம் இன்னொரு தறிக்கு உதவும் என்பதால் எதையும் எறிந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து கணக்கெடுத்தேன். சுத்தியல் 9 (பிடி உள்ளவை 4). திருப்புளி 23. குறடு 7, அதில் 2 திறக்காது, 1 மூடாது. ரசமட்டம் ஒன்று, உள்ளே ரசம் வற்றிப்போய் வெறும் மட்டம். குண்டு தொலைந்துபோன தூக்குக்குண்டுக் கயிறு. தார்க்குச்சி இரண்டு மூட்டை. ஷட்டில் ஒரு கூடை. அச்சுகள், விழுதுகள், பல் போன பல்சக்கரங்கள். போல்ட், நட்டு, வாஷர், ஆணி எல்லாம் கலந்துகட்டி 31 ஹார்லிக்ஸ் பாட்டில். அப்புறம் ஒரு டின் நிறைய எண்ணெயில் ஊறும் பிக்கர்.

பிக்கர் என்றால் தெரியாதவர்களுக்கு: தறியில் ஷட்டிலை நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துத் தள்ள வேண்டும் அல்லவா? அந்த அடி நேரே ஷட்டிலில் விழாமல் நடுவில் நின்று வாங்கிக் கொள்வதுதான் பிக்கர். எருமைத் தோலில் செய்வார்கள். எண்ணெயில் ஊறப் போட்டால்தான் நாள்பட உழைக்கும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கிற புருஷன் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். இவனுக்கு எண்ணெய்கூடக் கிடையாது. டின்னைத் திறந்தால் வருகிற வாசனைக்கு எதிர்வீட்டு நாய்கூட எழுந்து தள்ளிப் படுக்கும்.

"இதெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"எதுக்காவது ஒதவும்ல!"

வயிற்றெரிச்சல் என்னவென்றால், வருஷத்தில் இரண்டு தடவை நிஜமாகவே உதவிவிடும். ராத்திரி பத்து மணிக்கு யாராவது வந்து, "அண்ணாச்சி, பிக்கர் கிழிஞ்சு போச்சு, காலையில பாவு அறுக்கணும்" என்று நிற்பார். அப்பா டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் குடைந்து ஒன்றை எடுத்து வருவார். லாட்டரியில் பத்து ரூபாய் விழுந்தவன் முகம் பார்த்திருக்கிறீர்களா? அது. அப்புறம் இன்னும் ஆறு மாசத்துக்கு யாரும் எதையும் தொட முடியாது.

நானும் தொட்டிருக்க மாட்டேன். திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வருகிறவனுக்கு வீட்டுக்கு வந்தால் கட்டிலைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. ஆனால் எங்கள் வீட்டில் கழிப்பறைக்குப் போகிற வழி தறி செட்டுக்குள்தான். ஒரு ராத்திரி அம்மா அங்கே கிடந்த ஷாஃப்டில் கால் தடுக்கி விழுந்து கணுக்கால் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்ததும் டாக்டர் வாக்கர் எழுதிக் கொடுத்தார். வாக்கருக்கு இரண்டேகால் அடி அகலம் வேண்டும். செட்டுக்குள் இருந்த வழி ஒன்றரை அடி. டாக்டர் வழியை எழுதிக் கொடுக்கவில்லை!

"நா விழுந்தப்ப அவுக ஓடி வந்தாக. வந்து மொதல்ல ஷாப்டு வளஞ்சிருக்கான்னு பாத்தாக" என்று அம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

அம்மாவுக்கு அந்தச் செட்டின் மேல் பழைய கோபம் ஒன்றும் உண்டு. தேள். வீட்டில் பாம்பு, தேள் தென்பட்டால் எங்கள் ஊர்க் கோயிலில் அதன் உருவத்தை வாங்கிக் காணிக்கையாகப் போடுவது வழக்கம். வெளியூர்க்காரர்கள்கூட ஆடித்தபசுக்கு வரும்போது போட்டுவிட்டுப் போவார்கள். அம்மா வருஷா வருஷம் போடுகிறாள். கோமதியம்மனும் பாவம், ஒரு தேளை விரட்டினால் அப்பா இன்னொரு சாக்கு தார்க்குச்சியைக் கொண்டு வந்து அதற்கு மறுபடி வீடு கட்டிக் கொடுக்கிறார்.

என் மச்சான் ஒரு வழி சொன்னான். "மாப்ள, ஒரு லோடு ஆட்டோ கொண்டாரேன். மாமாவ ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிடுங்க. சாயங்காலத்துக்குள்ள காலி."

இது அப்பா காதில் விழுந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடாமல் செட்டுக்குள் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம்.

எங்கள் ஆபீசில் ஒரு சமயம் 'ஃபைவ் எஸ்' என்று ஒன்றைக் கொண்டு வந்து, ஸ்டேப்ளருக்கு ஒரு கட்டம், டீ கப்புக்கு ஒரு வட்டம் என்று மேஜையெல்லாம் டேப் ஒட்டினார்கள். ஜப்பான் தொழிற்சாலைச் சமாச்சாரம். செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று அஞ்சு வார்த்தை. வேண்டியது வேண்டாததைப் பிரி, இடம் பார்த்து வை, துடை, எல்லாருக்கும் ஒரே முறை வை, அதைப் பழக்கமாக்கு. அவ்வளவுதான். இதில் முதல் மூன்றையும் நாம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒழுங்காகச் செய்துவிடுகிறோம். மீதி 364 நாள்தான் தகராறு.

இதை டொயோட்டா கம்பெனியோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். அந்தக் குடும்பம் முதலில் செய்தது காரில்லை, தறி! சகிச்சி டொயோடா என்கிற மனிதர் 1924ல் ஒரு தானியங்கித் தறி செய்தார். ஷட்டிலில் ஊடை தீர்ந்தால் தறியை நிறுத்தாமலே அடுத்த ஷட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாவில் ஒரு இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். 1926ல் தறிக் கம்பெனி. 1929ல் இங்கிலாந்தில் ஓல்டாம் ஊரிலிருந்த பிளாட் பிரதர்ஸ் என்ற பெரிய தறிக் கம்பெனியே அந்தத் தறியின் உரிமைக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. மகன் கீச்சிரோ காரில் இறங்க, 1937ல் மோட்டார் கம்பெனி வந்தது.

இதை அப்பாவிடம் சொன்னேன். மூன்று நாளாகப் பேசாதிருந்தவர் வாய் திறந்தார். "தறிய நிறுத்தாமலே ஷட்டில மாத்துதா? எப்படிலே?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை அவரே தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் கண்டுபிடித்தார். முக்கால் மணி நேரம். கடைசியில், "நல்ல தறி ஆளு. பய எதுக்குக் காருக்குப் போனான்?" என்று வருத்தப்பட்டார். மறுநாள் காலையில் அவராகவே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துத் தரையில் கொட்டினார். ஜப்பானுக்கு ஒரு கும்பிடு.

போல்ட்டைப் பிரிப்பது கீரை ஆய்கிற மாதிரி வேலை என்று நினைத்தேன். இல்லை சார். பழைய தறிகளில் இருப்பது அங்குல மரை. 1841ல் விட்வொர்த் என்ற இங்கிலீஷ்காரர் ஏற்படுத்தின அளவு. மரையின் கோணம் 55 டிகிரி. இப்போது கடையில் கிடைப்பது மில்லிமீட்டர் மரை, 60 டிகிரி. நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956ல். சட்டம் மாறிவிட்டது, தறி மாறவில்லை. அரை இஞ்ச் நட்டும் 12 மில்லிமீட்டர் போல்ட்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். மாட்டினால் இரண்டு சுற்று ஆசையாகப் போகும், அப்புறம் மக்கர். ஜாதகம் பார்க்காத கல்யாணம். பலத்தைக் காட்டித் திருகினால் இரண்டுக்குமே மரை போச்சு.

அப்பா ஒரு பலகையில் அளவுக்கு ஒரு நட்டாகப் பதித்தார். மேல் வரிசை அங்குலம், கீழ் வரிசை மில்லிமீட்டர். கையில் இருக்கிற போல்ட்டை எதில் முழுசாகப் போகிறதோ அதில் பார்த்து அந்தந்த டப்பாவில் போட வேண்டியது. சாயங்காலத்துக்குள் ஆறாங் கிளாஸ் படிக்கிற என் மகன் என்னைவிட வேகமாகப் பிரித்தான். 31 பாட்டில் 14 ஆச்சு.

அடுத்தது, வேண்டுமா வேண்டாமா என்று தெரியாத சாமான்கள். அதுதான் செட்டில் முக்கால்வாசி. மாரி கோண்டோ என்று ஒரு ஜப்பான் அம்மணி புத்தகம் எழுதி (இங்கிலீஷில் 2014ல் வந்தது) உலகம் பூரா விற்றது. ஒரு பொருளைத் தொட்டால் மனசு துள்ள வேண்டுமாம், துள்ளாவிட்டால் தூர எறி என்கிறார். அப்பாவுக்குக் கோணல் ஆணியைத் தொட்டாலே துள்ளுகிறது. இந்த வைத்தியம் இங்கே பலிக்காது.

தொழிற்சாலைகளில் சந்தேகப் பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டித் தேதி போடுவார்கள். கெடு தாண்டியும் யாரும் தொடவில்லையென்றால் வெளியே. சிவப்பு அட்டைக்கு நான் எங்கே போவேன்? தினசரி காலண்டரில் கிழித்த தாளைக் கட்டினோம். தேதி தானாகவே இருக்கிறது, போனஸாக ராகு காலமும்! ஆறு மாசம் கெடு. மூன்றாம் நாளே அம்மா துப்பறிந்துவிட்டாள். அப்பா தினமும் சாயங்காலம் போய் ஒவ்வொன்றையும் ஒரு தடவை தொட்டுவிட்டு வருகிறார். கேட்டால், "தொட்டாச்சுல்லா!"

சட்டத்தைத் திருத்தினோம். தொட்டால் போதாது, உபயோகிக்க வேண்டும்.

லேபிள் ஒட்டும்போதுதான் நிஜமான யுத்தம் வந்தது. ஆபீஸ் பிரிண்டரில் அழகாக அடித்துக் கொண்டு வந்தேன். 'பிக்கர்', 'ஷட்டில்', 'பேரிங்'. அப்பா ஒவ்வொன்றாக உரித்துப் போட்டார். ஏன் என்று சொல்லவில்லை. இரண்டாம் தடவை ஒட்டினேன். அதையும் உரித்தார். "பேரு எழுதிட்டா எல்லாரும் வந்து அவனவனே எடுத்துட்டுப் போயிருவானுவ" என்றார்.

"அதுக்குத்தானே அப்பா லேபிள்?"

பதில் இல்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "ஏல, தறிய வித்தாச்சு. அவுகளத் தேடி ஊருல ஆளு வாரது இதுக்காகத்தான். அதையும் எழுதி ஒட்டிட்டா யாரு வந்து அண்ணாச்சின்னு கூப்பிடுவா?"

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பது வருஷமாக அந்தக் குப்பைக்குள் எது எங்கே என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். குப்பை இல்லை சார், அது பூட்டு. சாவி அவர் தலைக்குள். ரிட்டையர் ஆகப் போகிற நாள் வரைக்கும் ஒரு ஃபைல் இருக்கிற இடத்தை யாருக்கும் சொல்லாத ஹெட்கிளார்க்கை உங்கள் ஆபீசிலும் பார்த்திருப்பீர்கள். அவரைத் திட்டியும் இருப்பீர்கள்.

ஆகவே சமரசம். லேபிளை அப்பாவே எழுதினார், அவர் பாஷையில். ஆசாரிமார், ஃபிட்டர்கள் கணக்கில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். அரை இஞ்ச் என்றால் நாலு நூல். 'நா.நூ. மு', '6 நூ. தடி' என்று டப்பா டப்பாவாக எழுதித் தள்ளிவிட்டார். சங்கேத மொழி. ஃபைவ் எஸ்ஸில் நாலாவது எஸ் அவுட். போகட்டும்.

சுவரில் ஒரு பழைய பிளைவுட் பலகை. ஒவ்வொரு ஆயுதத்தையும் வைத்துச் சுற்றிப் பெயிண்டில் கோடு போட்டு ஆணி அடித்தோம். எது இல்லையோ அதன் நிழல் பல்லை இளிக்கும். அடிக்கடி எடுப்பது இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில், கனமானது கீழே. வழியில் மூன்று அடி அகலத்துக்குத் தரையில் ஒரு வாஷர்கூட இருக்கக் கூடாது என்று அம்மா மஞ்சள் பெயிண்டில் கோடு போடச் சொன்னாள். அந்தக் கோட்டைத் தாண்டி வந்த ஒரு பல்சக்கரத்தை அவளே வாக்கரால் தள்ளிவிட்டதை நான் பார்த்தேன். சந்தோஷமாகத் தள்ளினாள்.

கெடு முடிந்து கழித்த சாமான் 380 கிலோ. சின்ன வயசில் பேரீச்சம்பழம்தான் கிடைக்கும். இப்போது விவரமாக விற்க வேண்டும். வார்ப்பு இரும்பு தனி, சாதா இரும்பு தனி, பித்தளை தனி, மோட்டாரில் உரித்த செம்புக் கம்பி தனி. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிக் கொடுத்தால் செம்பும் இரும்பு விலைக்குத்தான் போகும். தராசு பக்கத்தில் அப்பா நின்றார். கடைசிச் சாக்கு ஏறும்போது கையை விட்டு ஒரு பல்சக்கரத்தை எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக் கொண்டார். நான் பஸ் வருகிற திசையைப் பார்த்துக் கொண்டு நின்றேன்.

போன வாரம் ராத்திரி மறுபடி ஒருவர் வந்தார். பிக்கர். அப்பா டார்ச் இல்லாமல் போய் ஒன்றரை நிமிஷத்தில் எடுத்து வந்தார். வந்தவர், "அடேயப்பா!" என்று அசந்துபோய், கும்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிட்டார். முன்னேயெல்லாம் தேடுகிற முக்கால் மணி நேரத்தில் நூல் விலை, கூலித் தகராறு, யார் வீட்டுத் தறி விலைக்கு வருகிறது என்று பேச்சு ஓடும். அம்மா இரண்டு தடவை காப்பி போடுவாள்.

காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏல, அந்த வைஸுக்குப் பக்கத்துல ரெண்டு ஸ்டூலு போடணும். வாரவுக உக்கார."

மஞ்சள் கோட்டுக்கு வெளியேதானே என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.