எந்த மெசபடோமியா?

பத்தாம் வகுப்புப் பிள்ளை யாரிடமாவது மெசபடோமியா எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆப்பெழுத்து, ஹம்முராபி, தொங்கும் தோட்டம் என்று கடகடவென ஒப்பிக்கும். அப்படியானால் ஈராக் எங்கே என்று கேட்டால், அது வேறு நாடு என்பதுபோல் விழிக்கும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பெயர், செய்தித்தாளில் இன்னொரு பெயர் என்று வைத்துப் பழக்கியவர்கள் நாம்தான்.

மெசபடோமியா என்பது கிரேக்கர் வாயிலிருந்து வந்த சொல். ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம். சுமேரியரோ பாபிலோனியரோ தங்களை மெசபடோமியர் என்று சொல்லிக்கொண்டதில்லை. (ஊர் என்ற சுமேரிய நகரத்தைக் காட்டி அவர்களும் தமிழர்தான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.)

இரண்டு ஆறு கண்ட இடமெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டும் ஆசை ஐரோப்பியர்களுக்கு இருந்திருக்கிறது. அர்ஜென்டினாவில் பரானா, உருகுவே ஆறுகளுக்கு நடுவே ஒரு மெசபடோமியா உண்டு. நியூசிலாந்தின் ரங்கிட்டாட்டா ஆற்றங்கரையில் 1860-களில் ஆட்டுப்பண்ணை போட்ட எழுத்தாளர் சாமுவேல் பட்லர் அதற்கும் இதே பெயரை வைத்தார். ஆக்ஸ்போர்டில் செர்வெல் ஆற்றின் இரு கிளைகளுக்கு நடுவே நடைபயில ஒரு ஒடுங்கிய பாதை, அதுவும் மெசபடோமியாதான். படித்தவர்களின் குறும்பு என்று இவற்றைச் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஜமைக்காவில் இருந்ததை நினைத்துச் சிரிக்க முடியாது. அந்தத் தீவின் மேற்கே வெஸ்ட்மோர்லாந்தில் பார்ஹாம் குடும்பத்துக்கு ஒரு கரும்புத் தோட்டம். பெயர் மெசபடோமியா. முதலாளிகள் இங்கிலாந்தில் இருந்தார்கள். அடிமைகளின் பெயர், வயது, வேலை, உடல்நிலை எல்லாம் கணக்கெடுத்துப் பட்டியலாக அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. ரிச்சர்ட் டன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் பல ஆண்டுகள் அந்தப் பட்டியல்களோடு மல்லுக்கட்டி, 2014-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 1762 முதல் 1833 வரை அங்கே பிறந்தவர்கள் 420 பேர், இறந்தவர்கள் 751 பேர். குறைந்த தலைக்கு ஈடாகப் புதிய ஆட்களை விலைக்கு வாங்கிப் போட்டார்கள். பழைய நாகரிகத்தின் பெயரை அங்கே வைத்தவருக்கு ஆறுகள் நினைவுக்கு வந்திருக்கும். மனிதர்கள் வந்திருக்க மாட்டார்கள்.

இந்தியாவுக்கும் இந்தப் பெயருக்கும் உள்ள கணக்கு வேறு. முதல் உலகப் போரில் துருக்கியரை எதிர்த்து அசல் மெசபடோமியாவில் இறக்கப்பட்டது பெரும்பாலும் இந்திய ராணுவம். குட் என்ற ஆற்றங்கரை ஊரில் ஜெனரல் டவுன்ஷெண்டின் படை 1915 டிசம்பரில் முற்றுகையில் சிக்கியது. குதிரையை அறுத்துத் தின்னும் நிலை. விமானத்திலிருந்து உணவு மூட்டைகள் போட்டும் போதவில்லை. 1916 ஏப்ரல் 29 அன்று ஏறக்குறைய 13,000 பேர் சரணடைந்தார்கள். அதில் இந்தியர்களே அதிகம். சிறைப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை.

இந்தத் தோல்வியை விசாரிக்க லண்டனில் ‘மெசபடோமியா கமிஷன்’ அமைத்தார்கள். 1917-இல் அதன் அறிக்கை வந்ததும் பிரிட்டிஷ் அரசின் இந்திய மந்திரி ஆஸ்டின் சேம்பர்லின் பதவி விலகினார். அறிக்கை மீதான நாடாளுமன்ற விவாதத்தில் இந்திய அரசு துருப்பிடித்த யந்திரம் என்ற தோரணையில் வெளுத்து வாங்கிய மாண்டேகு என்ற எம்.பி., சில நாட்களிலேயே அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஆகஸ்ட் 20 அறிவிப்பு, மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம், இரட்டை ஆட்சி, 1920-இல் சென்னையில் நீதிக்கட்சி அமைச்சரவை என்று அடுத்தடுத்து வந்தன. எல்லாவற்றுக்கும் குட் முற்றுகைதான் காரணம் என்று நான் அளக்கப் போவதில்லை. ஆனால் அந்த நாற்காலி காலியானதற்குக் காரணம் அதுதான்.

போர் முடிந்து 1921-இல் பைசல் என்பவரை அங்கே மன்னராக்கிய பிறகு, அரபியில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிய ஈராக் என்ற பெயர் நாட்டின் பெயரானது. மெசபடோமியா அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டது. இந்தப் பிரிவினை தற்செயலானது அல்ல, பழம்பெருமையை மேற்குலகின் சொத்தாக்கி, அந்த மண்ணில் இன்று வாழ்பவர்களிடமிருந்து வெட்டியெடுக்கும் வேலை என்று ஈராக்கில் பிறந்த கலை வரலாற்றாசிரியர் ஜைனப் பஹ்ரானி வாதிட்டிருக்கிறார். எனக்கு அது சரியென்றே படுகிறது. 2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது சுமார் 15,000 பொருட்கள் போயின. களவு போனது மெசபடோமியாவின் செல்வம், செத்தது ஈராக்கியர்கள் என்று ஒரே பக்கத்தில் படித்தோம்.

ஈராக்கியர்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் சொல் ராஃபிதைன். இரண்டு ஆறுகள் என்று அர்த்தம். 1941-இல் தொடங்கிய அரசு வங்கிக்கு அந்தப் பெயர்தான். கால்பந்து அணியையும் ராஃபிதைன் சிங்கங்கள் என்பார்கள். ஆங்கில வர்ணனையாளர்கள் அதையும் மெசபடோமியச் சிங்கங்கள் ஆக்கிவிடுவார்கள். 2007 ஜூலையில், உள்நாட்டில் ஷியா, சன்னி, குர்து என்று வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தச் சிங்கங்கள் ஜகார்த்தாவில் சவூதி அரேபியாவை 1-0 என்று வென்று ஆசியக் கோப்பையைத் தூக்கின. கேப்டன் யூனிஸ் மஹ்மூத் தலையால் முட்டிப் போட்ட கோல். அதற்கு கார்னர் அடித்துக் கொடுத்த ஹவார் முல்லா முகமது ஒரு குர்து.