விலையின்மை திறந்த கல்வியாகாது

கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியால் எழுத்தறிந்தவன் நான். அது சட்டம் தந்த உரிமை. இலவச இணையப் பாடநெறிகளையும் அவ்வாறே எண்ணி மகிழ்வோருக்கு ஒன்று சொல்லவேண்டும்.

2012இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் எம்.ஐ.ரி.யும் இலாபநோக்கின்றித் தொடங்கிய எட்எக்ஸ், 2021இல் 80 கோடி டொலருக்கு ஒரு வர்த்தக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வாங்கிய நிறுவனமோ 2024இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. தயவில் தங்கிய இலவசத்தின் ஆயுள் இவ்வளவே.

மாறாக, எம்.ஐ.ரி. 2001இல் அறிவித்த திறந்த பாடநெறிகளை எவரும் பிரதிசெய்யலாம், தமிழாக்கலாம். வணிகம் மட்டும் கூடாது. அதற்கு உரிமமே சாட்சி. பொதுப்பணத்தில் இயங்கும் நம் பல்கலைக்கழகங்கள் தமிழ் விரிவுரைகளை இவ்விதம் திறந்துவிட எது தடை?