பணம் மட்டும்தான் பறிபோகிறதா?

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு விதித்த தடை வரவேற்க வேண்டியதுதான். ரம்மிக் கடனில் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்கள் அதற்காக எத்தனை ஆண்டு காத்துக் கிடந்தன என்பதைத் தமிழ்நாடு அறியும். ஆனால் அந்தத் தடையைக் கொண்டுவந்த அதே சட்டம், பணயம் இல்லாத ஆட்டங்களைச் 'சமூக விளையாட்டு' என்று தனியே பிரித்து, ஊக்குவிக்க வேண்டியவற்றின் வரிசையில் சேர்த்துவிட்டது. ஆடுபவரைச் சிக்கவைக்கும் வடிவமைப்பு, அடிமைப்படுத்தும் அல்காரிதம் என்றெல்லாம் அதன் முகவுரை பேசுகிறது. ஆனால் பண விளையாட்டுகளைப் பற்றி மட்டுமே. தூண்டில் எப்படிச் செய்யப்படுகிறது என்று அறிந்தவர்கள், பணம் போனால்தான் குற்றம், பிள்ளையின் தூக்கமும் படிப்பும் போனால் குற்றமில்லை என்று எந்த நியாயத்தில் கோடு கிழித்தார்கள்?

பணயம் இல்லாத அந்த ஆட்டங்களைச் சற்று உற்றுப் பார்க்கட்டும். தினமும் உள்ளே வந்தால் பரிசு. ஒருநாள் தவறினால் சேர்த்துவந்த கணக்கு அறுந்துபோகும். சீசன் முடிவதற்குள் நிலை ஏறாவிட்டால் அந்த உடையோ துப்பாக்கியோ கிடைக்காது. நால்வர் அணியில் ஒரு மேட்ச் அரைமணி நேரம் ஓடும். நடுவில் எழுந்தால் மற்ற மூவரையும் கைவிட்டதாகும். 'இன்னும் பத்து நிமிஷம்மா' என்கிற பிள்ளை பொய் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் எழ முடியாதபடி ஆட்டத்தைக் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் ஆட்டத்தின் நடுவே போனைப் பிடுங்குவது சண்டையில் முடிகிறது. இரண்டு மேட்ச் என்று முன்கூட்டியே பேசிவைப்பது, நோட்டிஃபிகேஷனை அணைப்பது, இரவில் போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுவது, விட்ட நேரத்தில் ஆட மைதானமும் கூட்டாளிகளும் கிடைக்கச் செய்வது போன்றவற்றுக்குப் பலன் உண்டு. மீள முடியாதவர்களுக்கு மருத்துவமும் உண்டு. விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோய்ப் பட்டியலில் ஏற்றியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதலே இதற்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. அந்த அறிவைத் தாலுகா மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுசேர்க்க இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவுகூட இல்லை.

மத்திய அரசின் பழைய கணக்கைப் புரட்டினால் வியப்பு வராது, கோபம்தான் வரும். 2020 செப்டம்பரில் பப்ஜி விளையாட்டைத் தடைசெய்தார்கள். காரணம் பிள்ளைகள் அல்ல, தரவுப் பாதுகாப்பு. மறு ஆண்டே அது வேறு பெயரில் வந்தது. 2022-இல் அதையும் முடக்கினார்கள். 2023 மே மாதம் மூன்று மாதச் சோதனை என்று திரும்ப விட்டார்கள். சோதனையில் என்ன கண்டார்கள் என்பது எந்தப் பெற்றோருக்கும் தெரியாது. ஃப்ரீ ஃபயர் ஆட்டத்தைத் தடுத்தவர்கள் அதன் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸை அப்படியே விட்டுவைத்தார்கள். 2023 ஏப்ரலில், விளையாட்டு நிறுவனங்கள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ள விதி எழுதினார்கள். அதற்கான அமைப்புகள் பிறக்கவே இல்லை. இன்று தடைசெய்த அதே பண ஆட்டத்திடம் அந்த அக்டோபர் முதல் 28 சதவீத வரியும் வாங்கினார்கள். பிள்ளையின் நேரம் என்ற சொல் இத்தனை ஆண்டு முடிவுகளில் எங்கே இருந்தது?

பிள்ளையைக் கண்காணிப்பது பெற்றோரின் வேலை என்பார்கள். 2020-இல் பள்ளியை மூடி, போனையே வகுப்பறையாக்கிப் பிள்ளைகளின் கையில் கொடுக்கச் சொன்னது பெற்றோர் அல்ல. இன்றும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. இரவு ஷிஃப்டுக்குப் போகும் அப்பாவும் கடையில் நிற்கும் அம்மாவும், உளவியல் அறிந்து கட்டப்பட்ட ஓர் ஆட்டத்தோடு தனியாக மல்லுக்கட்ட முடியாது. நேரத் தடை பலிக்காது என்பதற்குத் தென்கொரியாவைக் காட்டுவார்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டைத் தடுத்து 2011-இல் அங்கே கொண்டுவந்த சட்டம் பத்தாண்டில் கைவிடப்பட்டது உண்மை. அந்தச் சட்டம் எட்டாத கைபேசிக்கு ஆட்டம் நகர்ந்துவிட்டது. அதனால்தான் இன்னொரு தடையை நாம் கேட்கவில்லை. மருத்துவரையும் ஆசிரியரையும் பெற்றோரையும் அழைத்து உட்காரவைத்து, வீடுகளுக்குக் கைகொடுக்கும் வழியைக் காணுங்கள் என்கிறோம்.

பண விளையாட்டுத் தடை மசோதா மக்களவைக்கு வந்தது ஆகஸ்ட் 20. குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தது ஆகஸ்ட் 22. அந்த மூன்று நாளில் பேசத் தவறியதை அடுத்த கூட்டத்தொடரிலாவது பேசுங்கள்.