கிண்டியின் 160 ஏக்கரும் திண்டிவனத்தின் டி.சி. நிலமும்

ஆண்டுக்கு 614 ரூபாய் சில்லறை. கிண்டியில் குதிரைப் பந்தயம் நடத்துவதற்காக மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 1945ஆம் ஆண்டு குத்தகைக்கு விடப்பட்ட அரசு நிலத்துக்கான வாடகை இது. நிலத்தின் பரப்பு 160 ஏக்கர் 86 சென்ட்; குத்தகைக் காலம் 99 ஆண்டுகள். வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு நான்கு ரூபாய்கூட வராது. இந்தக் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ரத்து செய்து, திடலின் வாயிலுக்கு முத்திரை வைத்தது. 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைப்பதாகவும் அறிவித்தது. ஊடகங்கள் இதைச் சென்னை நகரத்தின் சுற்றுச்சூழல் செய்தியாகவும், பணக்காரர்களின் மன்றமொன்றின் வீழ்ச்சியாகவும் மட்டுமே பேசின. திண்டிவனம் நீதிமன்றங்களில் நில வழக்குகளை நடத்தும், மயிலத்தைச் சேர்ந்த எங்களுக்கு அது வேறொன்றாகத் தெரிந்தது. தான் கொடுத்த நிலத்தை, நிபந்தனை மீறப்பட்டது என்ற காரணத்தைச் சொல்லி, அரசால் திரும்ப எடுக்க முடியும் என்பதற்கான சான்று அது.

திடலைப் பார்க்காத மாணவர்கள் ஒருமுறை சென்று பார்ப்பது நல்லது. மயிலத்தில் பயணிகள் ரயில் ஏறித் தாம்பரத்தில் மின்சார ரயிலுக்கு மாறினால் கிண்டி. நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் மதில் தொடங்கிவிடும். ஒருபுறம் கிண்டி தேசியப் பூங்காவும் ஆளுநர் மாளிகையும்; மறுபுறம் வேளச்சேரியை நோக்கிச் செல்லும் சாலைக்கு இன்றும் ஐந்து ஃபர்லாங் சாலை என்றே பெயர். எட்டு ஃபர்லாங் ஒரு மைல். பந்தய ஓட்டத்தின் தொலைவை அளக்கும் அலகு தெருப்பெயராகவே நிலைத்துவிட்டது. மதிலுக்குள் ஓடுபாதை, பார்வையாளர் மாடம், லாயங்கள் ஆகியவற்றோடு வேறொரு மன்றத்தின் கோல்ஃப் மைதானமும் இருந்தது. இங்கே பந்தயம் 1770களில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளுக்கான பொழுதுபோக்கு, பிறகு ஜமீன்தார்களுக்கும் சிற்றரசர்களுக்கும் ஆனது. விடுதலைக்குப் பின் எம்.ஏ.எம். ராமசாமி போன்ற தொழிலதிபர்களின் களமானது. இன்றைய மன்றம் 1896இல் உருவானது.

கிண்டிக்கு அடுத்த ரயில் நிலையம் சைதாப்பேட்டை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம் அதுதான். கிண்டியும் அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அந்த மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதார்களின் முன்னுரிமையால் தரிசு நிலத்துக்கு தர்க்காஸ்து போடக்கூட உழைக்கும் மக்களால் முடியவில்லை, குடியிருக்கும் குடிசையின் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மனையைக் காட்டி மிரட்டியே கூலி பறிக்கப்படுகிறது என்று விரிவாகப் பதிவு செய்தார். அதன் விளைவாக வந்ததுதான் 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட, வருவாய்த்துறையின் 1010ஆம் எண் அரசாணை. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதும், வருவாய்க் கணக்கில் டி.சி. நிலம் என்று எழுதப்பட்டதும் இந்த ஆணையின் வழிவந்தவையே. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகப் பரவலாகக் கணக்குச் சொல்லப்படுகிறது.

ஆக, ஒரே மாவட்டம், ஒரே அரசு, இரண்டு வகை நிலக்கொடை. இரண்டுக்கும் நிபந்தனைகள் உண்டு. பஞ்சமி நிலத்தை முதல் பத்தாண்டுகளுக்கு எவருக்கும் விற்கவோ, தானமாகவோ அடமானமாகவோ குத்தகையாகவோ கொடுக்கவோ கூடாது. அதன்பின் கைமாற்றினாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. இழப்பீடு எதுவும் தராமல் அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். இவ்வளவு தெளிவான நிபந்தனை கிண்டிக் குத்தகையில்கூட இல்லை. கிண்டி வழக்கில் மன்றம் முன்வைத்த முதன்மையான வாதமே, வாடகையை உயர்த்தக் குத்தகைப் பத்திரத்தில் இடமில்லை என்பதுதான்.

அந்த வழக்கின் நடை மாணவர்கள் கவனிக்க வேண்டியது. 1970 முதல் வாடகையை உயர்த்தி அரசு கேட்டது, மன்றம் மறுத்தது. உயர்த்தப்பட்ட வாடகை பாக்கி 730 கோடியே 86 லட்சம் ரூபாய் என்று வருவாய்த்துறை கணக்கிட்டது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், பொதுநலன் கருதி வாடகையைத் திருத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று கூறி, பாக்கியை ஒரு மாதத்துக்குள் செலுத்தவும் தவறினால் வெளியேற்றவும் உத்தரவிட்டார். 1970இலிருந்து 2023வரை 53 ஆண்டுகள். இத்தனை காலமும் கடிதப் போக்குவரத்தும் வழக்குமாகப் பொறுத்திருந்தது அரசு. குத்தகை ரத்தை எதிர்த்தும் மன்றம் நீதிமன்றத்துக்குச் சென்றது. வேளச்சேரிப் பகுதியின் வெள்ளத்தைக் குறைக்கத் திடலுக்குள் மாநகராட்சி குளம் வெட்டத் தொடங்கியபோதும் சென்றது. செல்லட்டும், அது அவர்களின் உரிமை. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்ற பெயரில் 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்களுக்கு இதில் நூறில் ஒரு பங்கு அவகாசமும் கிடைக்கவில்லை. இடிப்பைப் பார்த்துத் தீக்குளித்த முதியவர் ஒருவர் இறந்தார். அங்கிருந்து அப்புறப்படுத்தப்படுவோருக்குக் கண்ணகி நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி. அந்த அடுக்குமாடிகளில் யார் குவிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது இந்த இணையதளத்தின் வாசகர்களுக்குப் புதிதல்ல.

உதகையிலும் இதே கதைதான். பந்தயத் திடலின் குத்தகை 1978இலேயே முடிந்துவிட்டது. 2024 ஜூனில் 50 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த நிலத்தை அரசு கையகப்படுத்தும்போது சொல்லப்பட்ட பாக்கி 822 கோடி ரூபாய். குத்தகையே இல்லாமல் 46 ஆண்டுகள் கோடைதோறும் குதிரைகள் ஓடின. அதே உதகையில்தான், 1891 டிசம்பர் 1 அன்று அயோத்திதாசப் பண்டிதரின் திராவிட மகாஜன சபை கூடித் தீர்மானங்கள் இயற்றியது. உதகைக்குச் சுற்றுலா செல்லும் எத்தனை பேருக்குப் பந்தயத் திடல் தெரியும், எத்தனை பேருக்கு அந்த மாநாடு தெரியும் என்று நாங்கள் கேட்டுப் பார்த்ததுண்டு.

பந்தயத்தைப் பற்றியும் சட்டம் பேசியிருக்கிறது. குதிரைப் பந்தயத்தின்மீது பணம் கட்டுவதை ஒழிக்க 1974இல் கலைஞர் மு. கருணாநிதி அரசு சட்டம் கொண்டுவந்தது. மன்றத்தின் நிர்வாகத்தையே அரசுடைமையாக்க 1986இல் எம்.ஜி.ஆர். அரசு இன்னொரு சட்டம் இயற்றியது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறன் சார்ந்த விளையாட்டு, அது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தையும் செல்லாது என்றது. இன்று இணையவழி ரம்மி நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் தீர்ப்பைவிட, அதற்கு அடியில் இருக்கும் பழைய சட்டச் சொற்களே எங்களுக்கு முக்கியமாகப் படுகின்றன. காலனியக் காலச் சூதாட்டச் சட்டம், பந்தயம் நடக்கும் நாளில், அனுமதிக்கப்பட்ட மதிலுக்குள் குதிரைமீது கட்டும் பணத்தைச் சூதாட்டம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்தது. அதாவது, மதிலுக்குள் அது விளையாட்டு. மதிலுக்கு வெளியே குற்றம். பொங்கலன்று ஏரிக்கரைப் புளியமரத்தடியில் சீட்டு ஆடிய இளைஞர்களைப் பணம் வைத்துச் சூதாடியதாக 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கைது செய்யும்போது, இந்த மதிலின் பொருள் எங்களுக்கு நன்றாகவே விளங்கும். சூதாட்டத்தை நாங்கள் ஆதரிக்கவில்லை. மதிலை யார் கட்டினார்கள் என்றுதான் கேட்கிறோம்.

இந்தப் பேச்சில் விடுபடும் இன்னொரு தரப்பு லாயத்தில் வேலை பார்ப்பவர்கள். ஐரோப்பியர் வீடுகளில் சமையல்காரர், குதிரைக்காரர் வேலைகள் ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்குக் கிராம அடிமைத்தனத்திலிருந்து ஒரு வெளிவாயிலாக இருந்தன. குதிரையைக் குளிப்பாட்டி, லாடம் பார்த்து, அதிகாலையில் நடைபழக்கி வாழ்பவர்களின் பெயர் குத்தகை வழக்கின் எந்தத் தலைப்பிலும் இல்லை. நிலத்தை மீட்கும் அரசு அவர்களின் வாழ்வாதாரத்துக்கு வழி சொல்லியாக வேண்டும்.

திடலில் பூங்கா வரட்டும். குளம் வெட்டப்படுவதையும் நாங்கள் எதிர்க்கவில்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது தாழ்வான குடியிருப்புகள்தான். ஆனால் 'பொதுநோக்கம்' என்ற சொல்லை அரசு பயன்படுத்தும் விதத்தை எதிர்க்கிறோம். உயர் நீதிமன்றத்தில் கிண்டி நிலத்துக்காக அரசு வழக்கறிஞர்கள் என்ன வாதிட்டார்கள்? அரசு நிலம் மக்களின் சொத்து, மலிவு விலையில் ஒரு சிலர் அனுபவிப்பது அரசமைப்புச் சட்டத்தின் சமத்துவக் கொள்கைக்கு முரண், நிபந்தனை மீறினால் மீட்பது அரசின் கடமை என்றார்கள். இதே வாதங்கள் பஞ்சமி நில மனுக்களில் எங்களிடமிருந்து வரும்போது, எதிர்மனுவில் கிடைக்கும் பதில்கள் வேறு: நெடுங்காலம் ஆகிவிட்டது, பலர் கைமாறிவிட்டது, பட்டா வழங்கப்பட்டுவிட்டது, உரிமையியல் நீதிமன்றத்தை அணுகவும். 53 ஆண்டுப் பாக்கிக்குக் காலதாமதம் தடையில்லை என்றால், நிபந்தனையை மீறி எழுதப்பட்ட கிரயப் பத்திரத்துக்கு மட்டும் காலதாமதம் எப்படிக் கவசம் ஆகும்?

இந்தக் கேள்வியைத் தெருவில் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய மக்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதப்பட்ட அதே மாவட்டம். 103 ஆண்டுகள் கழித்து.

எங்கள் பகுதி அப்போது தென்னார்க்காட்டில் இருந்தது. 1993க்குப் பிறகு விழுப்புரம் மாவட்டம். 1892 ஆணை இங்கும் செல்லும். இங்கே பஞ்சமி நிலம் காணாமல் போனது பெரும்பாலும் துப்பாக்கியால் அல்ல, பேனாவால். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பழைய புல எண்கள் புதிய எண்களாயின, 'டி.சி.' என்ற குறிப்பு பல ஊர்களின் புதிய பதிவேட்டில் ஏறவில்லை. நிலத்தை அனுபவித்து வந்தவர் பெயரில் சாதாரண ரயத்துவாரிப் பட்டா ஏறியது. அதன்பின் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால், 'இந்த ஊரில் பஞ்சமி நிலமே இல்லை' என்ற பதில்தான் வரும். பொய் சொல்வதாக அவரே நினைக்கமாட்டார். அவர் மேசையில் இருக்கும் ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது.

ஆகவே தேட வேண்டியது புதிய ஏட்டில் அல்ல. திண்டிவனம், மயிலம் பகுதி மாணவர்கள் விடுமுறையில் செய்யக்கூடிய வேலை இது. முதலில் உங்கள் ஊரின், மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்திடம் கேளுங்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பட்டியலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அது இல்லாமல் பழைய ஏடு பயன்படாது. ஏடு அழிந்துவிட்டது என்று பதில் வந்தால், அழித்ததற்கான ஆணையின் நகலைக் கேளுங்கள். நில ஒப்படைப்புப் பதிவேடுகளும் வருவாய்த்துறை ஆணைகளும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கக் கிடைக்கும். அடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் புல எண்ணுக்கு எவ்வளவு பின்னோக்கிக் கிடைக்குமோ அவ்வளவுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேராதவருக்கு எழுதப்பட்ட முதல் கிரயம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் வழக்கின் பாதி முடிந்தது.

மனுவை வருவாய்க் கோட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பும்போது, ஒப்படைப்பின் நிபந்தனையைச் சொற்சொல்லாக எடுத்தெழுதுங்கள். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னால், கிண்டிக் குத்தகை ரத்து ஆணையையும் 2023 மார்ச் தீர்ப்பின் நகலையும் இணைத்து, இங்கே மட்டும் அந்த அதிகாரம் ஏன் பொருந்தாது என்று எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள். அந்த விளக்கம் கைக்கு வந்த பிறகு எங்களிடம் வாருங்கள்; நீதிப்பேராணை மனுவை அதிலிருந்துதான் எழுதத் தொடங்க முடியும்.