சாம்பிராணியா, டிஃப்யூசரா?

சென்ற கார்த்திகை மாதம் அட்லாண்டாவில் மகன் வீட்டில் ஒரு சிறு சண்டை. சண்டை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். மாமனாருக்கும் மருமகளுக்கும் நடக்கிற சண்டையில் சத்தம் வராது, காபி மட்டும் ஆறிப்போகும்.

விஷயம் இதுதான். ஊரிலிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த பித்தளைத் தூபக்காலையும் கட்டிச் சாம்பிராணியையும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே எடுத்தேன். மருமகள் பார்த்துவிட்டு, "மாமா, இங்கே அது வேண்டாம். சின்னவளுக்கு வீசிங் இருக்கு. நான் டிஃப்யூசர் போட்டுடறேன், வாசனையா இருக்கும்" என்றாள். நான் கேட்கவில்லை. பார்பெக்யூ அடுப்புக்கு வைத்திருந்த கரியில் இரண்டு துண்டு எடுத்துப் பற்றவைத்து, சாம்பிராணியைத் தூவி, கூடம் முழுவதும் காட்டினேன். மூன்றாவது நிமிஷம் ஸ்மோக் அலாரம் கத்தியது. பத்தாவது நிமிஷம் பேத்தி இருமத் தொடங்கினாள். அன்று இரவு பதினொரு மணி வரைக்கும் அந்த வீட்டில் கேட்டது நெபுலைசர் சத்தம்தான். மருமகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் ஊர் வரதய்யபாளையம். தடாவிலிருந்து காளஹஸ்தி போகிற சாலையில் இருக்கிறது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. என் சிறு வயதில் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா தூபக்காலை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போவாள், கடைசியில் மாட்டுக்கொட்டகைக்கும் போவாள். அந்தப் புகையில் கொசு ஓடும், ஈரத் தலை காயும், பிள்ளைகள் கத்தலை நிறுத்திவிட்டு உட்காருவார்கள். இதனால் யாருக்கும் இருமல் வந்ததாக எனக்கு நினைவில்லை. (நினைவில்லை என்பதற்காக வரவில்லை என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் இருமலை யார் எண்ணினார்கள்?)

ஆனால் அந்த வீட்டுக்கு ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம், எப்போதும் திறந்திருக்கும் வாசல். புகை வந்த வழியே போய்விடும். அட்லாண்டா வீடு குளிர்காலத்தில் டிபன் பாக்ஸ் மாதிரி மூடிக்கிடக்கிறது. உள்ளே இருக்கும் காற்றையே ஹீட்டர் திரும்பத் திரும்பச் சுற்றி விடுகிறது. போதாததற்கு எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வேறு வருகிறது. அதற்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. மூடிய வீட்டுக்குள் கரி மூட்டக்கூடாது என்பது பொறியியல் டிப்ளமாக்காரனுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே செய்தேன். பக்தியோடு வீம்பும் கலந்துவிட்டால் படிப்பு உதவாது.

நிற்க. சாம்பிராணி நம்முடையது என்று மார்தட்டுகிறோமே, அதன் கதையைக் கேளுங்கள். சுமத்ரா தீவில் ஒரு மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கிற பிசின் அது. அராபிய வியாபாரிகள் அதற்கு 'லுபான் ஜாவி', அதாவது ஜாவா தூபம், என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல் ஐரோப்பியர் வாயில் விழுந்து 'பென்சாயின்' ஆயிற்று. அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம். 1830-களில் மிட்சர்லிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூடாக்கி ஒரு திரவத்தை வடித்தார். அதன் பெயர்தான் பின்னால் பென்சீன் ஆயிற்று. பள்ளியில் நாம் போட்ட அறுகோணத்துக்குச் சாம்பிராணிதான் பாட்டி! ஆக, கடல் கடந்து வந்த சரக்கைத்தான் நாம் நம்முடையதாக ஆக்கிக்கொண்டோம். டிஃப்யூசரும் ஒருநாள் அப்படி ஆனால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மறுநாள் காலை, குற்ற உணர்ச்சியோடு அந்த டிஃப்யூசரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு பீங்கான் தகடு. பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. பழைய சிநேகிதன்! ரயில்வேயில் தண்டவாளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசானிக் கருவியால் சோதிப்போம். அந்தக் கருவியைத் தண்டவாளத்தின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு கூடூர் பாதையில் எத்தனையோ மைல் நடந்திருக்கிறேன். அதற்குள் இருப்பதும் இதே ஜாதித் தகடுதான். மின்சாரம் கொடுத்தால் அதிரும். நேராகக் கீழே பார்க்கும் தகடு நொடிக்கு 40 லட்சம் தடவை, 70 டிகிரி சாய்வில் பார்க்கும் தகடு 20 லட்சம் தடவை. டிஃப்யூசரில் பெரும்பாலும் 17 லட்சம் அல்லது 24 லட்சம். அந்த அதிர்வில் தண்ணீரின் மேற்பரப்பு பொடிப்பொடித் துளியாகச் சிதறுகிறது. அதைச் சின்ன விசிறி ஒன்று மேலே தள்ளுகிறது. எரிப்பு இல்லை, கரி இல்லை, சாம்பல் இல்லை. அந்த அளவில் மருமகள் சொன்னது சரி.

ஆனால் ஒரு விஷயம். எண்ணெயோடு தண்ணீரில் இருப்பதெல்லாமும் மேலே போகிறது. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள உப்புகள் மெல்லிய வெள்ளைத் தூசியாகக் காற்றில் கலக்கும், அதையும் பிள்ளைகள்தான் சுவாசிப்பார்கள். நான்கு நாள் தேங்கிய தண்ணீரானால் அதில் வளர்ந்த கிருமியும் சேர்ந்து பறக்கும். ஆகவே வாலை வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் மிச்சத்தைக் கொட்டித் துடைக்க வேண்டும். எங்கள் வீட்டு டிஃப்யூசரின் தொட்டியில் விரலை விட்டேன், வழுக்கியது.

இது வீண் பயமல்ல. 2021-ல் ஜார்ஜியா, கான்சாஸ், மின்னசோட்டா, டெக்சஸ் மாநிலங்களில் நால்வருக்கு மெலியாய்டோசிஸ் என்ற நோய் வந்தது. இருவர் இறந்தார்கள், அதில் ஒரு குழந்தை நம் ஜார்ஜியாவைச் சேர்ந்தது. வழக்கமாக வெப்பமண்டல நாடுகளின் மண்ணிலும் நீரிலும் இருக்கிற கிருமி அது. இவர்கள் யாரும் வெளிநாடு போனவர்கள் அல்லர். இதே அட்லாண்டாவில் தலைமையகம் உள்ள சி.டி.சி. மாதக்கணக்கில் தேடி, அந்த அக்டோபரில், லாவெண்டர் மணமுள்ள ஒரு அறை ஸ்ப்ரே புட்டியில் அதைக் கண்டுபிடித்தது. அந்தப் புட்டி நம் இந்தியாவில் தயாரானது. சுமார் 3,900 புட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். அது டிஃப்யூசர் அல்ல, தண்ணீர் கலந்த ஸ்ப்ரே. ஆனாலும் நல்ல வாசனை வந்தால் நல்ல பொருள் என்று நம்புகிற நம் மூக்கை அதற்குப் பிறகு நான் முழுதாக நம்புவதில்லை.

புட்டிகளில் எழுதியிருப்பதையும் நம்புவதில்லை. 'தெரபியூட்டிக் கிரேட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அப்படி ஒரு தரத்தை எந்த அரசாங்கமும் வகுக்கவில்லை, விற்பவர்கள் வைத்த பெயர் அது. 2014-ல் எபோலாவுக்கே இந்த எண்ணெய்கள் மருந்து என்று விற்கப் போய், எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பவேண்டி வந்தது. சந்தன எண்ணெய் என்று ஏழு டாலருக்கு விற்கிறார்களே, அதைப் பார்த்தால் விஸ்வேஸ்வரய்யா என்ன சொல்வாரோ! முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கட்டை அனுப்ப முடியாமல் போனபோது, அவர் திவானாக இருந்த மைசூரில் 1916-ல் சந்தன எண்ணெய் ஆலையைத் தொடங்கினார்கள். மரம் முதிர்ந்து வைரம் பாய எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்தவன் ஏழு டாலர் புட்டியை நம்ப மாட்டான்.

லாவெண்டர் மனதை அமைதிப்படுத்துமா? சில ஆராய்ச்சிகள் ஓரளவு ஆமாம் என்கின்றன. ஆனால் இதில் ஒரு சங்கடம். எது மருந்து, எது வெறும் தண்ணீர் என்று மறைத்துச் சோதிப்பதுதான் முறை. இங்கே மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

என் கருத்து வேறு. அம்மா தூபக்காலோடு அறை அறையாக வந்தாளே, அப்போது நாங்கள் அமைதியானதற்குப் பாதிக் காரணம் சாம்பிராணி, மீதிப் பாதி அவள் வந்தது. இங்கே டிஃப்யூசர் ஒரு மூலையில் தன்பாட்டுக்குப் புகைவிடுகிறது. மகன் லேப்டாப்பில், மருமகள் போனில், பேத்திகள் ஆளுக்கொரு திரையில். வாசனை வருகிறது, வீட்டார் வரவில்லை.

ஆகவே ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். டிஃப்யூசர் இருக்கட்டும், வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் மட்டும். ஜன்னல் ஒரு விரல்கடை திறந்திருக்க வேண்டும். சின்னவளின் டாக்டர் வீசிங் உள்ள குழந்தைக்கு வாசனை எதுவுமே ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று சொன்னதால், அவள் இருமினால் உடனே நிறுத்திவிட வேண்டும். கைக்குழந்தை உள்ளவர்களும் பூனை வளர்ப்பவர்களும் போடாமலே இருப்பது மேல். யூகலிப்டஸ் தைலமோ கர்ப்பூரமோ குழந்தையின் வாய்க்குப் போனால் வலிப்பே வரலாம், அதனால் புட்டிகள் மேல் அலமாரியில். அந்த அரை மணி நேரம் திரைகள் எல்லாம் அணைந்திருக்கும். விளக்கேற்றும் வேலையும் தண்ணீர் ஊற்றும் வேலையும் பெரிய பேத்திக்கு. தொட்டியைத் துடைக்கும் வேலை எனக்கு.

இரண்டு வாரம் எலுமிச்சைப்புல் எண்ணெய் போட்டோம். மூன்றாவது வாரம் டிஃப்யூசரை எடுக்காமல், ஊரிலிருந்து கொண்டுவந்த வெட்டிவேரை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு வைத்தேன். பேத்தி குனிந்து முகர்ந்து பார்த்து, "தாத்தா, மழை பெஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். சின்னவள் இருமவில்லை. மருமகள் வெட்டிவேர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாள்.

தூபக்கால் பூஜை அலமாரியில் கரி இல்லாமல் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது முற்றத்தில் வைத்து ஏற்றிக் காட்டுகிறேன் என்று பெரியவளிடம் சொல்லியிருக்கிறேன். சின்னவள் அப்போது திண்ணையில் என் தம்பியோடு உட்கார்ந்திருப்பாள்.